இன்னும் சுருக்க முடியுமா

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் இவளும் இங்கே சுகம். நீயும் அத்தானும் சுகம்தானே? அத்தானுடைய முட்டி இப்போது மாடிப்படி ஏறச் சம்மதிக்கிறதா?

புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டேன். பத்து வருஷமாக நீ தலையில் அடித்துக்கொண்டதற்குப் பலனாக, கடையிலேயே லினக்ஸ் போட்டு வாங்கினேன். பஸ் கம்பெனியில் வீட்டிலிருந்தே கால அட்டவணை போட அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஜன்னலோரம் மேஜை. கீழே சலவைக் கடை இருப்பதால் நாள் முழுக்க சோப்பு வாசம். குளிக்காமலே குளித்த மாதிரி இருக்கிறது.

மவுஸைத் தூக்கி டிராயரில் போட்டுவிட்டேன். எல்லா வேலையையும் அந்தக் கருப்புத் திரையிலேயே செய்துகொள்ளலாம் என்று நீதானே சொல்வாய். திறந்தேன். என் பெயரைக் காட்டி, பக்கத்தில் ஒரு டாலர் குறியைப் போட்டு, "ம், அப்புறம்?" என்று கேட்கும் கவுன்ட்டர்காரர் மாதிரி மின்னிக்கொண்டே நிற்கிறது. காலையில் அட்டவணை ஃபோல்டருக்குள் போவதற்கே ஒரு முழ நீளத்துக்குத் தட்ட வேண்டியிருக்கிறது. அதைச் சுருக்க வழி உண்டா?

போன் செய்யாதே. இந்த வீட்டில் சிக்னல் சரியில்லை, பாதிப் பேச்சு காற்றோடு போய்விடுகிறது. மெயிலில் எழுதியே அனுப்பு. எழுத்தில் இருந்தால்தான் என் மண்டையில் ஏறும்.

நீ பெயர் வைத்த,
சோம்பேறி

*

மார்ச் 6

என் அருமைச் சோம்பேறிக்கு,

உன் கடிதம் பார்த்து அத்தானிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "உன் தம்பி திருந்திட்டானா? நம்ப முடியலையே!" என்றார். முட்டி அப்படியேதான் இருக்கிறது, வாய் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. நான் சுகம். உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

இப்போது பாடம். உனக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து நீ சொல்வதைக் கேட்டுச் செய்கிறதே, அதற்குப் பெயர் ஷெல். சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அது முதலில் ஒரு ஃபைலைப் படித்துப் பார்க்கும். உன் ஹோம் ஃபோல்டரில் .bashrc என்று இருக்கிறது. முன்னால் புள்ளி இருப்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. அதைத் திறந்து, கடைசியில் இந்த வரியைச் சேர்:

alias p='cd ~/bus/attavanai'

சேமித்து மூடிவிட்டு மறுபடி திற. இனி p என்று தட்டினாலே அட்டவணை ஃபோல்டருக்குள் நிற்பாய். இதே மாதிரி உனக்கு வேண்டியதற்கெல்லாம் ஒரு செல்லப்பெயர் வைத்துக்கொள்ளலாம்.

கஷ்டமாக இருந்தால் சொல், நான் இங்கிருந்தே உன் கம்ப்யூட்டருக்குள் வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறேன். அஞ்சு நிமிஷ வேலை.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். அங்கே?

p வேலை செய்கிறது. முதல் தடவை தட்டி உள்ளே போனதும் இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா இவ்வளவு சத்தம்?" என்றாள்.

நீ உள்ளே வர வேண்டாம். ஆள் இருக்கும் வீட்டுக்குள் கூரை வழியாக இறங்குகிற மாதிரி இருக்கும். நானே செய்கிறேன், மெதுவாக.

ஒரு குறை. p கீபோர்டின் வலது ஓரத்தில் இருக்கிறது. இடது பக்கம் இருக்கிற எழுத்துகளிலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியுமா? வலது கையில் எப்போதும் டீ டம்ளர் இருக்கிறது. வைக்க மனசு வரவில்லை. அட்டவணையைச் சரிபார்க்கும் கட்டளைதான் மிக நீளம். ஏழாம் தடத்திலும் பன்னிரண்டாம் தடத்திலும் இரண்டு பஸ்கள் ஒரே நேரத்தில் பாலத்து வளைவில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு தடவை மாற்றிய பிறகும் அதைத் தட்டிப் பார்க்க வேண்டும். அதையும் ஒற்றை எழுத்தாக்கித் தா.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி

*

ஏப்ரல் 12

டீ டம்ளருக்கு,

நாங்கள் நலம். டம்ளரும் அதைப் பிடித்திருக்கும் கையும் நலமா?

உலகத்தில் எத்தனையோ பேருக்கு ஷெல் அமைத்துக் கொடுத்திருக்கிறேன். டீ குடிப்பதற்காக இடது கைக்கு மட்டும் அமைக்கச் சொன்ன முதல் ஆள் நீதான். சரி, p-யை f ஆக்கு. சரிபார்க்கிற கட்டளைக்கு d வை. ஃபைல்களை வரிசையாக அடுக்கும் கட்டளையும் உனக்கு வேண்டியிருக்கும், அதற்கு s. மூன்றும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன, விரலைத் தூக்கக்கூட வேண்டாம். ஃபைல் பெயரை முழுக்கத் தட்டாதே. முதல் இரண்டு எழுத்துத் தட்டி டேப் கீயை அழுத்து, மிச்சத்தை அதுவே நிரப்பிக்கொள்ளும். டேப்பும் இடது பக்கம்தான், மகாராஜா!

போன் செய்யாதே என்றாய், கேட்காமல் செய்தேன். மூன்று தடவையும் உன் மனைவிதான் எடுத்தாள். மூன்று தடவையும் நீ குளித்துக்கொண்டிருந்தாயாம். நீ என்ன மீனா? அவள் பேசியது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. சிக்னலுக்கு உன்னை மட்டும்தான் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

இங்கே எங்கள் கப்பல் கம்பெனியின் எல்லா சர்வர் கம்ப்யூட்டர்களையும் புதிதாக மாற்றுகிறோம். சாப்பிட நேரமில்லை. லீவு என்று வாயைத் திறந்தாலே மேலாளர் முகம் சுண்டிப்போகிறது. இல்லையென்றால் நேரில் வந்து உன் காதைத் திருகியிருப்பேன்.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 20

அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலம்தானே.

எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. வேலை. f, d, s மூன்றும் பழகிவிட்டது. பாலத்து வளைவைச் சரிசெய்துவிட்டேன். இனி இரண்டு பஸ்களும் ஒன்றையொன்று பார்க்கவே பார்க்காது.

இரண்டு சந்தேகம். சில வேலைக்கு இரண்டு கீயைச் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கிறது. அப்படி இல்லாமல் ஒன்றை அழுத்தி விட்டுவிட்டு, பிறகு நிதானமாக மற்றதை அழுத்த வழி உண்டா? இன்னொன்று. ஒரு கீயில் விரலை வைத்தால் எடுப்பதற்குள் அதே எழுத்து ஏழெட்டு விழுந்துவிடுகிறது. புது கீபோர்ட், பழக்கமில்லை. அதை நிறுத்த முடியுமா?

தம்பி

*

ஜூன் 20

தம்பி,

உன் கடிதம் வந்த கையோடு எழுதுகிறேன். சாப்பாட்டுத் தட்டு பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கிறது.

நீ கேட்ட இரண்டும் உண்டு. செட்டிங்ஸில் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. முதலாவதைப் போட்டுவிட்டால், ஷிஃப்டையோ கன்ட்ரோலையோ அழுத்தி விட்டுவிடலாம், அடுத்த கீ வரும்வரை அது காத்திருக்கும். இரண்டாவதைப் போட்டால் விரல் எவ்வளவு நேரம் இருந்தாலும் ஒரே எழுத்துதான் விழும்.

அந்தப் பக்கத்துக்கு ஒரு படம் போட்டிருப்பார்கள். கையையும் காலையும் விரித்துக்கொண்டு ஒரு மனிதர் நிற்பார். அந்தப் பக்கம் யாருக்காக என்று எனக்குத் தெரியும். இந்த வேலையில் தலை நரைத்தவள் நான். இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்பவர்கள் புது கீபோர்டுக்காகக் கேட்பதில்லை.

உன் கைக்கு என்ன? விழுந்தாயா? டாக்டரிடம் போனாயா? போனில் ஏன் பேச மாட்டேன் என்கிறாய்? ஒரு வரி எழுது. திட்ட மாட்டேன்.

நானும் அத்தானும் நலம்.

அக்கா

*

ஜூலை 9

அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமா.

இரண்டையும் போட்டுவிட்டேன். சரியாக வேலை செய்கிறது. இன்னும் சுருக்க முடியுமா என்று பார். f தட்டி d தட்டுவதற்குப் பதில் ஒன்றையே தட்டினால் இரண்டும் நடக்கிற மாதிரி.

தம்பி

*

ஜூலை 15

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் நன்றாக இருக்க வேண்டும். நான் உங்களுக்கு எழுதுவது அவருக்குத் தெரியாது. கீழே சலவைக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர் பதில் எழுதவில்லை என்று தெரியும். அந்தக் கடிதத்தை என்னை வாசித்துக் காட்டச் சொன்னார். "திட்ட மாட்டேன்" என்ற இடம் வந்ததும் போதும் என்று கையைக் காட்டினார்.

போன வருஷம் அவருக்குப் பேச்சு குழற ஆரம்பித்தது. பல்லில்தான் ஏதோ கோளாறு என்று பல் டாக்டரிடம் போனோம். அவர் காது மூக்கு டாக்டரிடம் அனுப்பினார். அங்கிருந்து நரம்பு டாக்டர். அதற்குள் வலது கையில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனது. தசைகளுக்குச் சேதி கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றனவாம். "இது நிக்காதும்மா. வேகத்தக் கொஞ்சம் குறைக்கப் பாக்கலாம், அவ்வளவுதான்" என்றார் டாக்டர். இவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், வானிலை அறிக்கை கேட்கிற மாதிரி. அதற்குப் பிறகுதான் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினார். இப்போது அவர் பேசுவது எனக்கு மட்டும்தான் புரிகிறது. அதுவும் பாதி.

"அக்காகிட்ட சொல்லிடலாமே, எத்தன நாளைக்கு மறைப்பீங்க?" என்று கேட்டேன். திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துத்தான் அவர் பதில் எனக்குப் புரிந்தது. "எல்லாருக்கும் நான் நோயாளி. அவளுக்கு மட்டும்தான் இன்னும் சோம்பேறி" என்றார்.

உங்கள் கடிதம் வருகிற நாளில் சிரிக்கிறார், அண்ணி. அதனால் கேட்கிறேன். தெரிந்துகொண்டதாக எழுதாதீர்கள். முன் மாதிரியே திட்டி எழுதுங்கள். இதைக் கேட்க எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. மன்னியுங்கள்.

உங்கள் தம்பி மனைவி

*

ஜூலை 28

சோம்பேறிகளின் தலைவருக்கு,

இங்கே எல்லோரும் நலமோ நலம். அத்தானுக்கு முட்டி சரியாகிவிட்டது, ஆடாத குறைதான்.

இரண்டு கட்டளையை ஒன்றாக்க வேண்டுமாம்! நாளைக்குச் சோற்றையும் குழம்பையும் ஒரே வாயில் ஊட்டிவிடச் சொல்வாய். போகட்டும். எங்கள் ஆபீஸில் இப்போது வேலையே இல்லை, ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பொழுது போகாமல் உனக்கு ஒன்று எழுதினேன். இதோடு அனுப்பியிருக்கிறேன். ஹோம் ஃபோல்டரில் போட்டுவிட்டு, .bashrc-யின் கடைசி வரியில் அதன் பெயரை மட்டும் எழுதிவிடு.

கருப்புத் திரையைத் திறந்ததும் உன் வேலைகள் எல்லாம் வரிசையாக வரும். ஒரு வெளிச்சப் பட்டை அதுவாகவே ஒவ்வொரு வரியாக இறங்கும். வேண்டிய வரிக்கு வந்ததும் ஏதாவது ஒரு கீயைத் தொட்டால் போதும், எந்தக் கீயாக இருந்தாலும் சரி. தவறவிட்டால் மறுபடி மேலிருந்து வரும். பட்டையின் வேகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம். கடைசி வரியைத் தொட்டால் எழுத்துகள் வரும், அதே மாதிரி ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக் கடிதமே எழுதலாம். சும்மா விளையாட்டாகச் செய்து பார்த்தேன்.

நல்ல பிள்ளையாக நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

*

ஆகஸ்ட் 30

அக்கா,

ஏப்ரலில் சாப்பிட நேரமில்லை என்றாய். ஜூலையில் ஈ ஓட்டுகிறாய். உனக்குச் சின்ன வயசிலிருந்தே பொய் சொல்ல வராது. இவள் எழுதியிருக்கிறாள், இல்லையா? அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டுமே.

நீ அனுப்பியதைப் போட்டுப் பார்த்தேன். அழகாக ஓடுகிறது. ஆனால் நான் அதைக் கேட்கவில்லை அக்கா. இடது கையில் இன்னும் இரண்டு விரல் எனக்கு வேலை செய்கிறது. நீ ஒரு விரலுக்கு எழுதியிருக்கிறாய். அந்தப் பட்டை தானாக இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் சொன்னபோதுகூட அப்படி உறைக்கவில்லை.

இனி அதற்கும் வேலையில்லை. ஆபீஸிலிருந்து மேலாளர் வீட்டுக்கே வந்தார். நாங்கள் "கடிகாரம்" என்று கூப்பிடுவோமே, அவர்தான். பழம் வாங்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தே பேசினார். "நீ உடம்பப் பாத்துக்கப்பா. அட்டவணை எங்க ஓடிப்போகுது? நாங்க பாத்துக்கறோம்" என்றார். அட்டவணை ஓடாதுதான். பஸ்தானே ஓடும். சொல்ல வாய் வந்தது. சொன்னால் அவருக்குப் புரிந்திருக்காது.

ஆக f, d, s மூன்றும் இப்போது வெறும் எழுத்துகள். f தட்டினால் ஃபோல்டர் திறக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அவர்கள் எடுத்துக்கொண்டுபோய்விட்டார்கள்.

ஒரே ஒரு உதவி. அந்த டாலர் குறி இன்னமும் என்னைப் பார்த்து மின்னிக்கொண்டு நிற்கிறது. வேலையில்லாதவனிடம் அதற்கு என்ன கேள்வி? அதை எடுத்துவிட முடியுமா?

வருவதென்றால் வா. வராதே என்று சொல்ல இத்தனை எழுத்துத் தட்ட முடியாது.

தம்பி

*

நவம்பர் 6

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று அண்ணன் அப்போதே சொன்னார். இப்போது உங்களுக்கு ஜுரம் என்கிறார். வெந்நீர் குடியுங்கள்.

நீங்கள் இங்கே இருந்த நாளெல்லாம் அவர் கம்ப்யூட்டர் பக்கமே திரும்பவில்லை என்று வருத்தப்பட்டீர்கள். நீங்கள் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு துணி மடிப்பதும், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பதும் எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. கிளம்புகிற அன்றைக்கு டாலர் குறியை எடுத்துவிட்டுத் திரையை வெறும் கருப்பாக்கி வைத்தீர்களே, அதையும் அவர் பார்க்கவில்லை. நீங்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றது எனக்குத் தெரியும்.

நீங்கள் போன சாயங்காலம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலை மேஜைக்குப் பக்கத்தில் தள்ளி, கீபோர்டை அவர் கைக்கு அடியில் வைத்து, நீங்கள் செய்து அனுப்பிய பட்டையை ஓடவிட்டேன். இப்போது ஒரு விரல்தான். பட்டை மேலிருந்து கீழே வருகிறது, அவர் தொடுவதற்குள் தாண்டிப் போகிறது, மறுபடி வருகிறது. காலையில் வைப்பேன், அவருக்கு மூச்சு வாங்கும்போது எடுத்துவிடுவேன். சில நாள் ஒரு சொல் வரும். சில நாள் அதுவும் வராது. இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார். நேற்று முடிந்துவிட்டது என்று கண்ணைக் காட்டினார். இருந்ததை இருந்தபடி கீழே போட்டிருக்கிறேன்.

"அக்கா நீ இருக்கும்போது எழுதவில்லை. நீ பார்த்தால் விரல் கூசுகிறது. நீ செய்தது எல்லாம் நன்றாக வேலை செய்கிறது. இனிமேல் புதிதாக எதுவும் செய்து அனுப்பாதே. ஒவ்வொன்றும் பழகுவதற்குள் பயன்படாமல் போகிறது."

அவ்வளவுதான், அண்ணி. அதற்குப் பிறகு அவர் கீபோர்டைக் கேட்கவில்லை.

உங்கள் தம்பி மனைவி

*

நவம்பர் 19

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. ஜுரம் விட்டுவிட்டது, நானும் அத்தானும் இருக்கிறோம்.

நீ எழுதியது வந்தது. உனக்காக எழுதிய இன்னொன்று பாதி முடிந்து என் கம்ப்யூட்டரில் கிடந்தது. கண் அசைவை வைத்து வேலை செய்கிற மாதிரி. அதை அழித்துவிட்டேன். உனக்காகச் செய்ய எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதுவும் வேண்டாம் என்றாய். சரி.

ஊர்க்கதை சொல்கிறேன், கேள். எங்கள் கட்டடத்துக்குப் புது வாட்ச்மேன் வந்திருக்கிறார். மீசை இவ்வளவு நீளம். யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். ஆனால் அத்தானைக் கண்டால் மட்டும் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடிக்கிறார். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. முட்டிவலி முட்டிவலி என்று மாடியிலேயே கிடந்த மனுஷர், இப்போது பேப்பர் வாங்க ஒரு தடவை, சில்லறை மாற்ற ஒரு தடவை என்று இறங்கிப் போய்ச் சல்யூட் வாங்கிக்கொண்டு வருகிறார். நேற்று மூன்றாம் மாடிக்காரர் அந்த வாட்ச்மேனிடம் கேட்டேவிட்டார், "அவரு மட்டும் என்ன உசத்தி? எனக்கு ஏன் அடிக்க மாட்டேங்கற?" என்று. "அவருதாங்க போலீஸ்ல பெரிய ஆபீசரு" என்றாராம். அத்தான் ஆயுசு முழுக்கக் கண்ணாடிக் கடையில் பிரேம் பொருத்தியவர். சேதி காதுக்கு வந்தும் மறுக்கவில்லை. இன்றைக்குக் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு இறங்கினார்.

ஆபீஸில் பழைய சர்வர்களை எல்லாம் கழற்றி வெளியே வைத்துவிட்டார்கள். அந்த அறை இப்போது காலி. இத்தனை வருஷமும் அங்கே ஓயாத இரைச்சல். இன்றைக்கு உள்ளே போனேன், என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

இங்கே மழை. ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இதை உன் மனைவி உனக்கு வாசிப்பாள். நடுவில் தூக்கம் வந்தால் தூங்கு. விழித்த பிறகு விட்ட இடத்திலிருந்து வாசிக்கட்டும். தூங்கிப்போனால் அவளே ஒருமுறை வாசித்துவிட்டு மூடி வைக்கட்டும். பதில் எழுத வேண்டியதில்லை.

அக்கா